செம்மறி ரத்தமும் சகலையின் சளியும்

செப்டம்பர் 20, சனி

விடியலில் தூறல். ஆறு மணிக்கே புழுக்கம். ஆட்டு ரத்தம் வாங்கச் சுத்துக்கேணி கிராமத்துக்கு. பத்துக்கண்ணு தாண்டியதும் பைக் சங்கிலி கழன்றது. கை முழுக்க மசி. மருத்துவ நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. வாங்கியவனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ரோட்டோரம் குந்திச் சங்கிலி மாட்டும் பாக்கியம்.

ஆட்டுக்காரர் கோவிந்தன் செம்மறியைப் பிடித்துக்கொள்ள, கழுத்து நரம்பில் ஊசி. உறையாமலிருக்கக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் வாங்கி, கை ஓயும்வரை குலுக்கல். அவர் மனைவி விளக்குமாறோடு நின்று வேடிக்கை.

“இம்மாந்தூண்டு ரத்தத்த வச்சி இன்னா சார் பண்ணுவீங்க? ஒரு பொரியலுக்குக்கூட காணாதே.”

“கிருமிக்குச் சாப்பாடும்மா. கடல்பாசிக் கூழ்ல கலந்து தட்டுல ஊத்தி, மேல சளியத் தடவி வச்சா, சளியில இருக்கற கிருமி இதத் தின்னு வளரும். அப்பதான் இன்ன கிருமின்னு தெரியும்.”

“எங்க வூட்ல தீவாளிக்கித்தான் கறி. சளியில கெடக்கற கிருமிக்கு மாசாமாசம் ஆட்டு ரத்தமா? குடுத்து வச்ச கிருமிதான் போ.”

“ஏய், சும்மா இரு. சார் டாக்டரு” என்று கோவிந்தன்.

டாக்டர் இல்லை என்று திருத்தவில்லை. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் மற்ற எல்லோரும் ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை ஊற்றித்தான் தட்டு செய்கிறார்கள். இலவசம். அலையவும் வேண்டாம். அதில் கெடாமலிருக்கச் சேர்த்த மருந்து, கொடுத்தவன் விழுங்கிய மாத்திரை, அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எல்லாம் கலந்திருக்கும். கிருமி முகத்தைச் சுளித்துக்கொண்டு வளரும். அல்லது வளராது. துறைத் தலைவரிடம் (இனி து.த.; முழுதாக எழுதினால் மை வீண்) சொன்னால், “ரத்தம் ரத்தம்தானே சார்?” என்று ஒரு சிரிப்பு. மாணவனாக என் செய்முறை வகுப்பில் ஸ்லைடு உடைத்தவர். அவர் எம்.டி., ஆகவே தலைவர். நான் வெறும் எம்.எஸ்சி., ஆகவே ஆயுளுக்கும் டியூட்டர். நானே வளர்த்து நானே கண்டுபிடித்த கிருமிக்கு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட எனக்கு உரிமை கிடையாது.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. பையிலிருந்து குடுவை தலை நீட்டியிருக்க, பின்னால் ஒருவன்: “பெருசு, ரெட் ஒயினா? எந்தக் கட?” இந்த ஊர்க்காரனுக்குக் குடுவை என்றால் வேறு எதுவும் தோன்றாது.

மாலை தட்டுகள் ஊற்றி முடித்தேன். செர்ரிச் சிவப்பு. ஒரு குமிழி இல்லை. பார்க்க ஆளில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மேகமூட்டம். கரண்டு இரண்டு முறை போனது. இட்லி புளிப்பு.

நுரையீரல் ஆராய்ச்சி இன்று தொடக்கம். து.த. மாணவர்களுக்கு உரை: ‘ஆரோக்கியமான நுரையீரலிலும் கிருமிகள் குடியிருக்கின்றன.’ நுரையீரலில் ஒரு கிருமியும் கிடையாது என்று பாடம் நடத்திய அதே வாய். பல வருடங்களுக்கு முன் இதே வேலையைச் செய்ய நான் அனுமதி கேட்டபோது அன்றைய தலைவர் சொன்னது: “வாயில இருக்கற அழுக்கையெல்லாம் வளக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?” இன்றைய து.த. அன்று பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்தார். இப்போது அதற்கு ‘மைக்ரோபயோம்’ என்று பெயர் வந்துவிட்டது, நிதி வந்துவிட்டது, பேனர்கூட அடித்தாயிற்று.

நோயாளிகளின் நெஞ்சிலிருந்து எடுக்கும் மாதிரியில் பாதி ஏதோ கம்பெனிக்குப் போகிறது. அவர்கள் மரபணுவைப் படித்து வண்ணப் பட்டைகளாகப் படம் போட்டு அனுப்புவார்கள். செத்த கிருமி, உயிரோடிருக்கும் கிருமி இரண்டுக்கும் அதில் வித்தியாசம் கிடையாது. சுடுகாட்டையும் சேர்த்து எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. மறுபாதியை உயிரோடு வளர்த்துக் காட்டுவது என் வேலை. கை அழுக்காகும் வேலை.

பதினொரு மணிக்கு மாதிரி வாங்கப் போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலின் ஒரு மூலைக்குள் உப்புநீர் ஊற்றி, திரும்ப உறிஞ்சி எடுக்கும் அறை. வாசல் பெஞ்சில் ஏழுமலை.

என் சகலை. என் மனைவி வசந்தாவின் தங்கை செல்வியின் புருஷன். பாகூர் ரோட்டில் செடி நர்சரி வைத்திருக்கிறான். மாமனார் வீட்டில் அவன் வந்தால் நாற்காலி, நான் வந்தால் “உக்காருங்களேன்.” புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தி நடுவில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: “எங்க சகல பெரிய படிப்பு. இன்னா வேலன்னு மட்டும் கேக்காதீங்க. கோழை பொறுக்கறவரு.” பந்தி முழுக்கச் சிரித்தது. மாமனாருக்குப் பாயசம் புரையேறியது. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

ஆள் பாதியாகியிருக்கிறான். கழுத்தெலும்பு துருத்துகிறது. வாய் மட்டும் அப்படியே.

“இன்னா சகல,” ஒரு இருமல், “கடைசில என் கோழையும் உன் கைக்கே வந்துடுச்சி பாத்தியா?”

பக்கத்திலிருந்த செல்வி எழுந்து நின்றாள். “மாமா, டிபின்னு சொல்லி ரெண்டு மாசமா மாத்திர குடுக்கறாங்க. சளியில கிருமியே இல்லன்னு ரெண்டு தபா ரிசல்ட் வந்துச்சி. எக்ஸ்ரே பாத்துட்டுக் குடுத்தாங்க. ஒண்ணும் கொறையல மாமா. ராத்திரி ஆனா காய்ச்சல்.”

எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் டிபி. நம் நெஞ்சு டாக்டருக்கு அதற்கு மேல் யோசிக்க நேரம் ஏது? மருந்து கேட்காத நெஞ்சு என்பதால் ஆராய்ச்சிக்குச் சௌகரியம் என்று து.த.வும் இவனைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

வாங்கி வந்த குழாய் மூன்று. இரண்டு தெளிவு. ஏழுமலையினுடையது கஞ்சித்தண்ணீர் நிறம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வெயில். நேற்று மதியமே தட்டில் ஏற்றியாயிற்று. இன்று எழுதி வைக்கிறேன்.

ரத்த அகார் (அகார் என்றால் அந்தக் கடல்பாசிக் கூழ்), செம்மறி: ஆளுக்கு இரண்டு.
சாக்லேட் அகார்: ஆளுக்கு ஒன்று. (சாக்லேட் கிடையாது. ரத்தத்தைச் சூடாக்கிப் பழுப்பாக்கியது. ரத்த அணு உடைந்து உள்ளே இருப்பது வெளியே வந்தால்தான் சில கிருமிகளுக்குத் தொண்டையில் இறங்கும். பெரிய இடத்துப் பிள்ளைகள்.)
காற்றில்லா ஜாடிக்கு ஆளுக்கு ஒன்று.

மிச்சத் தட்டுகள் மெழுகுவர்த்தி ஜாடியில். ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி மூடினால், அதுவே எரிந்து தானாக அணையும். உள்ளே மிஞ்சும் காற்று ஏறக்குறைய நாம் வெளியே விடும் மூச்சு மாதிரி. நுரையீரல் கிருமிக்கு அதுதான் வீடு. பல லட்சத்துக்கு மெஷின் கேட்டு ஃபைல் போய்க்கொண்டே இருக்கிறது. நான் வில்லியனூர் மாதா கோயில் கடையில் மெழுகுவர்த்தி வாங்குகிறேன்.

வாங்கி வருவது அஞ்சலாட்சி, லேபைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள்.

“சார், கடக்காரம்மா இன்னா வேண்டுதல்னு கேக்குது.”

“கிருமி நல்லா வளரணும்னு சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னேன் சார். சிலுவ போட்டுக்குது.”

செப்டம்பர் 24, புதன்

பிற்பகல் இடி, மழை இல்லை.

தட்டுகளைப் பார்த்தேன். ஏழுமலை: பச்சை வளையம் விடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், தொண்டைக்கார நைசீரியா, ஒட்டுகிற மாதிரி ஒரு ராத்தியா. யார் நெஞ்சைக் கழுவினாலும் வரும் கும்பல். மற்ற இருவருக்கும் அதே கும்பல், கொஞ்சம் குறைவாக. ஒரே தெருவில் பத்து வீடு, பத்து வீட்டிலும் ஒரே மாதிரி கோலம்.

காற்றில்லா ஜாடியைத் தொடவில்லை. அது இன்னும் சில நாள் ஆகும். கறுப்பு நிறம் காட்டும் பிரிவோடெல்லா, வெயினெல்லா எல்லாம் காற்றுப் பட்டாலே சாகிற ஜாதி. ஜாடி மேல் ‘திறக்காதே’ என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தால் ஜாடி திறந்திருக்கிறது. எங்கிருந்தோ விருந்தினர் வந்தார்களாம். து.த. திறந்து காட்டினாராம்.

“ஒரு நிமிஷம்தான் சார்.”

“மீனை ஒரு நிமிஷம்தான் கரையில போட்டோம்கற மாதிரி இருக்கு சார்.”

சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார். பிறகு தட்டுகளை மேலோட்டமாகப் பார்த்து, “எல்லாம் நார்மல் ஃப்ளோரா. நாளைக்கு க்ளோஸ் பண்ணிடுங்க, ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார்.

இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவது இங்கே சட்டம். இரண்டு நாளில் எழுந்து வராத கிருமி கிருமியே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபி ஆறுவதற்குள் முடிவு சொல்கிற மாதிரி.

என் தட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. விளிம்பில் டேப் சுற்றி, காயாமலிருக்க ஈரப்பஞ்சு வைத்து, உடம்புச் சூட்டில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரின் அடித்தட்டில் பின்பக்கமாகத் தள்ளி வைத்தேன். ஏழுமலைமேல் கரிசனம் ஒன்றும் இல்லை. நாள்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்று அனுமதி கேட்டபோதே சொன்னவன் நான். நிரூபிக்காமல் விடப்போவதில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

பகலில் அனல். குழம்பில் உப்பு அதிகம். வசந்தா அழுதுகொண்டே சமைத்திருக்கிறாள்.

“செல்வி போன் பண்ணா. மருந்து கேக்கலியாம். அடுத்த வெள்ளிக்கெழமையில இருந்து வேற மாத்திரயாம், பெரிய டிபி மாத்திர. காது போவலாம், கண்ணு போவலாம்னு எழுதி கையெழுத்து வாங்கறாங்களாம். ஒரு தடவ வார்டுக்குப் போயி பாத்துட்டு வரக்கூடாதா நீங்க?”

“நான் கோழை பொறுக்கறவன். வார்டுல எனக்கு இன்னா வேல?”

“அத்த இன்னும் வச்சிக்கினு இருக்கீங்களா?”

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்கில்லை. தட்டானாலும் சொல்லானாலும்.

செப்டம்பர் 27, சனி

காலையில் பனி மாதிரி ஒரு மூட்டம். வார்டுக்குப் போனேன். மாதிரி சம்பந்தமாக.

ஏழுமலை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான்கு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

“வா சகல. கோழ பத்தலியா?”

“வாயை மூடிட்டுக் கேட்டதுக்குப் பதில் சொல்லு. நர்சரில உன் வேலை என்ன?”

“எருவு கலக்கறது. காஞ்ச சாணி, செம்மண்ணு, தென்ன நாரு… சலிச்சி பையில ரொப்பறது. பறக்கும் பாரு தூளு, எதிர்ல நிக்கற ஆளு தெரியாது.”

“மூக்குல துணி கட்டுவியா?”

“பொண்ணா நானு?”

“இருமல் வர்றதுக்கு முன்னால ஏதாவது மாத்திரை சாப்பிட்டியா?”

செல்வி குறுக்கே வந்தாள். “வீசிங்கு மாமா, ரெண்டு வருஷமா. மெடிக்கல்ல ஒரு வெள்ள மாத்திர குடுப்பாங்க. தெனமும் போடுவாரு. நல்லா பசிக்கும், மூஞ்சி உப்பனாப்புல இருக்கும்.”

ஸ்டீராய்டு. சந்தேகமே இல்லை. இரண்டு வருடமாக உடம்பின் காவலைக் கழற்றி வைத்துவிட்டு எருத்தூளை மூச்சாக இழுத்திருக்கிறான் மடையன். குடல் முழுக்கக் கிண்டல், தலைக்குள் களிமண். இதை எந்த டாக்டரும் கேட்கவில்லை. கேட்க ஐந்து நிமிடம் ஆகும்.

கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால், “சகல, ஆரஞ்சு ஒண்ணும் வாங்கியாரலியா?”

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒன்றுமில்லை. பூனை தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. எடுத்தேன். கீறிவிட்டது.

செப்டம்பர் 29, திங்கள்

வெயில். ஏழுமலையின் இரண்டாவது ரத்தத் தட்டில், கோடு இழுத்த ஓரத்தில், சுண்ணாம்புத் துகள் மாதிரி இரண்டு புள்ளி. வெள்ளை, வறட்டு, மேட்டில் பொடி பூசியது போல. ஊசியால் தள்ளினால் நகரவில்லை. கடல்பாசிக்குள் வேர் விட்ட மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்ற இருவர் தட்டிலும் அது இல்லை.

பெயர் மனதுக்குள் வந்துவிட்டது. எழுத மாட்டேன், சாயம் ஏற்றிப் பார்க்கும்வரை.

து.த.விடம் காட்டியது தப்பு. “தூசி சார். கன்டாமினன்ட். இத்தனை நாள் வச்சா ஃபேன் காத்துல எது வேணா விழும். இன்னும் இதை வச்சிருக்கீங்களா?”

வளர்ந்ததைப் புதுத் தட்டில் பிரித்து ஏற்ற வேண்டும். செம்மறித் தட்டு தீர்ந்துவிட்டது. மனித ரத்தத் தட்டு அடுக்கு அடுக்காக இருக்கிறது. எதில் போட்டாலும் வளரும் ஜாதிதான், தெரியும். இருந்தாலும் அந்தத் தட்டைக் கையால் எடுக்க மனம் வரவில்லை. நாளைக்கு வேறு லேபில் இரண்டு தட்டு கேட்டு வாங்கலாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை எனக்குப் பரீட்சை மேற்பார்வை. நாளை ஆயுத பூஜை விடுமுறை, ஆகவே லேபில் பூஜை இன்றே. பன்னிரண்டு மணிக்கு வந்தால் வாசலில் மாவிலை, உள்ளே ஊதுவத்திப் புகை, மேசை மேல் பொரி, கடலை, பூசணிக்காய். இன்குபேட்டர் பளபளவென்று துடைத்து, கதவில் சந்தனப் பொட்டு, கைப்பிடியில் கதம்பம். சுவிட்ச் அணைந்திருக்கிறது. திறந்தேன். காலி.

“அஞ்சலாட்சி! உள்ள இருந்த தட்டு எங்க?”

“தலைவரு சார் பழசெல்லாம் எடுத்துடச் சொன்னாரு சார். பூசைக்கு மிஷினு சுத்தமா இருக்கணுமில்ல? மிஷினுக்கும் வருஷத்துல ஒரு நாளு லீவு வாணாமா?”

“எங்க போட்ட?”

“கழிவுப் பையிலதான்.”

கழிவுப் பை என்றால் அடுத்தது ஆட்டோகிளேவ். பிரஷர் குக்கர் மாதிரி, பெரியது. அதற்குள் போன கிருமி எதுவும் திரும்பி வராது. தினமும் பதினொரு மணிக்கு அதைப் போட்டுவிடுவாள், ஒரு நாள் தவறாது. கழுவும் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும்.

ஆட்டோகிளேவ் மூடியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் சாமந்தி மாலை. ஜில்லென்று இருந்தது.

“அதுவும் மிஷினுதானே சார்?” பின்னாலேயே வந்தாள் அஞ்சலாட்சி. “அதுக்கும் பூசதான். நாளன்னிக்கிதான் போடுவேன்.”

பை மூலையில் கிடந்தது. கையுறை, முகக்கவசம் மாட்டிக்கொண்டு, மூன்று வார்டின் சளி டப்பா, உடைந்த தட்டு, பஞ்சு எல்லாவற்றுக்கும் நடுவே குந்தித் துழாவினேன். அந்த நேரம் பார்த்துத் தீபாராதனை. மணிச் சத்தத்தோடு து.த., டீன், இரண்டு பேராசிரியைகள், கையில் சுண்டல் தொன்னையோடு வாசலில்.

“சார்… குப்பையில என்ன தேடறீங்க?”

“கோழை பொறுக்கறேன் சார்.”

யாரும் சிரிக்கவில்லை. டீன் சுண்டலைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

பையின் அடியில் டேப் சுற்றிய என் தட்டு. மூடியில் கீறல், உடையவில்லை. கிருமி வெளியே பறக்காமல் காற்றை உறிஞ்சும் பாதுகாப்புப் பெட்டியை முடுக்கினேன், அதன் கண்ணாடியிலும் பொட்டு. அதற்குள் வைத்து டேப்பைப் பிரித்தபோது இரண்டு புள்ளி ஏழெட்டாகியிருந்தது. முகக்கவசத்தையும் மீறி வந்த மாதிரி ஒரு வாசனை, காய்ந்த நிலத்தில் முதல் மழை விழுந்த வாசனை. வெளியே ஒரு சொட்டு மழை இல்லை.

சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்புக்கு எடுத்து வந்தேன். அதன் கழுத்திலும் பூ.

“சார்! இன்னிக்கி அத்த தொடக்கூடாது சார், சாமி குத்தம் ஆயிடும்!”

“குத்தத்த என் பேர்ல எழுதிக்கச் சொல்லு.”

பூவைக் கழற்றிப் பொரித் தட்டில் வைத்தேன். உள்ளே மெல்லிய இழைகள், கிளை விட்டுக் கிளை விட்டு, மணி கோத்த மாதிரி. டிபிக்குச் செய்வது போல் பலமான அமிலத்தில் கழுவினால் சிவப்பு போய்விடும். லேசான அமிலத்தில் கழுவினேன், சிவப்பு நின்றது.

நோகார்டியா. இப்போது எழுதலாம். எருவிலும் மண்ணிலும் இருப்பது. எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே வேஷம் போடும். டிபி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினாலும் அசையாது. மூளைக்கு ஏறினால் முடிந்தது. கேட்கிற மருந்து ஒரு பழைய சல்ஃபா மாத்திரை, எந்த மூலைக் கடையிலும் கிடைப்பது.

து.த. அதற்குள் கிளம்பிவிட்டார். குடும்பத்தோடு ஏற்காடு. திங்கள்தான் வருவார். போன் எடுக்கவில்லை. நெஞ்சு டாக்டரிடம் போனேன். “து.த. கையெழுத்து போட்ட ரிப்போர்ட் கொண்டாங்க. டியூட்டர் வாய்ல சொல்றத வச்சி மருந்தை மாத்த முடியாது. வெள்ளிக்கிழமை புது கோர்ஸ் ஆரம்பிக்கணும்.” நாற்காலியைக் காட்டவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காற்றே இல்லை. வசந்தா என் பைக்குக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினாள். சங்கிலியில் சாறு.

காலையிலிருந்து து.த.வுக்குப் போன். மதியம் எடுத்தார். சொன்னேன். படங்களை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அவரே கூப்பிட்டார். குரலில் தேன்.

“அருமையான கேஸ் சார் இது. நர்சரித் தொழில், ஸ்டீராய்டு, டிபின்னு தப்பா ட்ரீட்மென்ட்… நல்ல ஜர்னல்ல போடலாம். மைக்ரோபயோம் ப்ராஜெக்ட்ல கிடைச்சதுன்னா இன்னும் வெயிட்டு. ஃபர்ஸ்ட் ஆதர் நான். நெஞ்சு டாக்டர் செகண்ட். அவரு கோச்சிக்கக் கூடாது பாருங்க. உங்க பேரு…” பின்னணியில் படகுச் சவாரிக்கு யாரோ கூவுகிறார்கள். “உங்க பேர கடைசில, நன்றின்னு போடுவோமே, அங்க போட்டுடலாமா?”

தூசி என்றவர். குப்பையில் போடச் சொன்னவர்.

சொல்வதற்கு நிறைய இருந்தது. பல வருடச் சரக்கு, வரிசையாக அடுக்கி வைத்தது.

“போட்டுக்குங்க சார். இப்பவே நெஞ்சு டாக்டருக்கு ஒரு போன் பண்ணுங்க. ரிப்போர்ட்ட நான் டைப் பண்ணி அனுப்பறேன், போன்லயே கையெழுத்து போட்டு அனுப்பிடுங்க. டிபி மாத்திரைய நிறுத்தணும்.”

“அவசரமா சார்? திங்கக்கெழம…”

“அவசரம் சார்.”

“உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்ல சார்” என்றேன். அப்புறம், “சகல” என்றேன்.

நாலு மணிக்குள் கையெழுத்து வந்துவிட்டது. பேரம் முடிந்தால் மனிதர் சுறுசுறுப்பு.

வசந்தாவிடம் நன்றி விஷயத்தைச் சொல்லவில்லை. மருந்து தெரிந்துவிட்டது என்று மட்டும். அவள் பூஜை அறைக்குப் போனாள். நானோ மெழுகுவர்த்தியோ செம்மறியோ கணக்கில் இல்லை, சரஸ்வதிக்குத்தான் பொங்கல்.

அக்டோபர் 3, வெள்ளி

மாலை நல்ல மழை. வார்டில் சல்ஃபா தொடங்கியாயிற்று. பெரிய ஆய்வகத்துக்கும் என் தட்டிலிருந்து எடுத்து அனுப்பினோம், உறுதிப்படுத்த. நெஞ்சு டாக்டர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஆரம்பத்துல இருந்தே எனக்கு ஒரு சந்தேகம்.” அருகில் நின்று கேட்டேன். கண் சிமிட்டாமல் சொல்கிறார்.

ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தான். வாய் மூடியிருக்கும்போது பார்க்கச் சகிக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

மழை விட்டு விட்டு. ஏழுமலைக்குக் காய்ச்சல் மூன்று நாளாக இல்லையாம். ஆய்வகமும் நோகார்டியா என்றே சொல்லிவிட்டது.

கம்பெனியிலிருந்து வண்ணப் பட்டைகள் வந்தன. து.த. பெரிய திரையில் போட்டார். நீலம், மஞ்சள், ஊதா. ஏழுமலை பட்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பிரிவோடெல்லா எல்லாம் ஜம்மென்று. நோகார்டியாவுக்கு ஒரு நூலளவுகூட இல்லை. அந்தக் கிருமிக்குத் தோல் கெட்டி, உடைத்து உள்ளேயிருக்கும் மரபணுவை எடுக்க முடியாமல் விட்டிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. திரை நன்றாக இருந்தது, திருவிழா மாதிரி.

கட்டுரை நகலும் காட்டினார். கடைசி வரி: ‘தொழில்நுட்ப உதவிக்காக’ என்று போட்டு என் பெயர். இனிஷியல் தப்பு.

அக்டோபர் 14, செவ்வாய்

வானம் வெளிறிக் கிடக்கிறது. தீபாவளிக் கூட்டம், வில்லியனூர் கடைத்தெருவில் வண்டி நகரவில்லை. பைக் சங்கிலி மாற்ற வேண்டும், தள்ளிப்போகிறது.

வார்டில் நுழையும்போதே குரல். ஏழுமலை எழுந்து நடமாடுகிறான், பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் கச்சேரி.

“தோ வராரு பாரு. யாருன்னு தெர்தா? என் சகல. பெரிய டாக்டருங்க எல்லாம் டிபி டிபின்னானுங்க. இவருதான் குப்பையில கைய வுட்டு என் கோழைய பொறுக்கி எடுத்தவரு. அஞ்சலாட்சியம்மா சொல்லிச்சி. கோழை பொறுக்கறதுல இவர அடிச்சிக்க ஆளே கெடையாது!”

அதே வார்த்தை. அதே சத்தம். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் சிரித்தாள். ஒரு கிழவர் கட்டிலிலிருந்தே கை கூப்பினார்.

“மெதுவாப் பேசுடா” என்றேன். டா எப்படி வந்தது என்று தெரியவில்லை.

“ஆட்டு ரத்தம் எடுக்க நீயே போறியாமே சகல? அடுத்த தபா நானும் வரேன். ஆட்ட புடிச்சிக்கறேன்.”

“மூச்சு வாங்காம இந்த வராண்டாவ ஒரு சுத்து சுத்திக் காட்டு. அப்பறம் பாக்கலாம்.”

சுற்றிக் காட்டினான். பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டான். சனிக்கிழமை தனியாகத்தான் போக வேண்டும். சங்கிலியை அதற்குள் மாற்றிவிட வேண்டும்.